வால் அறுந்த ஆங்கிலம்

ஜனக்புரியில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பலகை நன்கு பழக்கமானது. எந்தப் பிளாக்கில் நடந்தாலும், ஏதாவது ஒரு வாசல் கிரில்லிலோ பால்கனியிலோ 'டு லெட்' என்ற இரண்டு சொற்கள் தொங்கும். மாற்றலாகித் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் கண்கள் தெருத்தெருவாகத் தேடுவதும் அந்த இரண்டு சொற்களைத்தான்.

அந்தப் பலகையில் ஓர் இலக்கணப் பாடமே அடங்கியிருக்கிறது. வீட்டுக்காரரிடம் இருப்பது 'எ ஹௌஸ் டு லெட்'; அதாவது வாடகைக்கு விட ஒரு வீடு. வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு வேண்டியது 'எ ஹௌஸ் டு லிவ் இன்'; குடியிருக்க ஒரு வீடு. தமிழில் 'விட', 'குடியிருக்க' என்ற இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள். ஆங்கிலத்திலோ வீட்டுக்காரரின் தொடர் 'லெட்' என்பதோடு முடிந்துவிடுகிறது. குடித்தனக்காரரின் தொடருக்கு மட்டும் 'இன்' என்று ஒரு சின்ன வால் முளைத்திருக்கிறது. ஆபீஸ் கடிதமானாலும் சரி, பரீட்சைத் தாளானாலும் சரி, இந்த வாலை விட்டுவிடுவதுதான் நன்றாகப் படித்தவர்களும் சறுக்கும் இடம்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள்

வால் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்லை எடுத்து வினைக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். 'லெட் த ஹௌஸ்' என்பது சரியாக நிற்கிறது. ஆகவே வால் தேவையில்லை. 'லிவ் த ஹௌஸ்' நிற்காது. 'லிவ் இன் த ஹௌஸ்' என்றால்தான் நிற்கும். பெயர்ச்சொல் முன்னால் போய்விட்டாலும் அந்த 'இன்' தன் இடத்தை விட்டு நகரக்கூடாது. 'எ சேர் டு ஸிட் ஆன்' என்பதும், 'எ ஃப்ரெண்ட் டு டாக் டு' என்பதும் இதே கணக்குத்தான்.

வால் மாறினால் பொருளே மாறிவிடும். 'ஸம்திங் டு ரைட் வித்' என்று கேட்டால் பேனா வரும். 'ஸம்திங் டு ரைட் ஆன்' என்றால் காகிதம் வரும். 'ஸம்திங் டு ரைட் அபௌட்' என்றால் எழுதுவதற்கு விஷயம் வர வேண்டும். மூன்றுக்கும் தமிழில் 'எழுத ஏதாவது' என்றே சொல்லிவிடலாம். கேட்பவர் சந்தர்ப்பத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

விதிவிலக்கும் இல்லாமல் இல்லை. 'ப்ளேஸ்' என்ற சொல் வந்தால் 'எ ப்ளேஸ் டு லிவ்' என்று வாலில்லாமல் எழுதுவதை ஆங்கிலேயரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 'ஹௌஸ்' என்று எழுதினால் 'இன்' வந்தே தீர வேண்டும்.

தாய்மொழியின் தாராளம்

தமிழர் இங்கே சறுக்குவதற்குக் காரணம் அறியாமை அல்ல, தாய்மொழியின் தாராளம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பெயரெச்சம் ஆறு வகைப் பொருள்களைக் கொண்டு முடியும் என்று வகுத்தார். செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என்பவை அவை. 'சாப்பிட்ட பையன்', 'சாப்பிட்ட கரண்டி', 'சாப்பிட்ட ஓட்டல்', 'சாப்பிட்ட வேளை', 'சாப்பிட்ட இட்லி' என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கரண்டியால் சாப்பிட்டான், ஓட்டலில் சாப்பிட்டான் என்ற வேற்றுமை உருபுகள் மறைந்துபோனாலும் பொருள் குறைவதில்லை. 'எழுதப் பேனா', 'உட்கார நாற்காலி' என்ற தொடர்களிலும் அதே சலுகை உண்டு.

தில்லிவாசிகளின் காதில் நாள்தோறும் விழும் இந்தியும் இந்த விஷயத்தில் தமிழின் கட்சிதான். 'ரஹ்னே கே லியே மகான்' என்பதில் 'உள்ளே' என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. ஆகவே பக்கத்து மேஜைக்காரர் பஞ்சாபியானாலும் பீகாரியானாலும், அவரும் 'எ ஹௌஸ் டு லிவ்' என்று எழுதக்கூடியவரே. அவரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

வால் அல்ல, உடம்பு

இன்னொரு வகை வினைகளில் அந்தச் சின்னச் சொல் வாலாகக்கூட இல்லை. உடம்பின் பாதியாகவே இருக்கிறது. 'கேரி' என்றால் சுமப்பது. 'கேரி அவுட்' என்றால் நிறைவேற்றுவது. 'ஆர்டர்ஸ் டு கேரி அவுட்' என்றால் நிறைவேற்ற வேண்டிய உத்தரவுகள். 'அவுட்' விடுபட்டால் அவை பையில் போட்டுத் தூக்கிச் செல்ல வேண்டிய காகிதங்களாகிவிடும்! விசாரிக்க வேண்டிய புகார்கள் 'கம்ப்ளெயின்ட்ஸ் டு லுக் இன்டு'. பூர்த்தி செய்ய வேண்டிய படிவம் 'எ ஃபார்ம் டு ஃபில் இன்'.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஏதோ குறைகிறது என்ற சந்தேகத்தில் சிலர் 'எ ஃபார்ம் டு ஃபில் இட் இன்' என்று 'இட்' ஒன்றைச் செருகிவிடுவார்கள். படிவம் முன்னாலேயே வந்துவிட்டது. அதை இன்னொரு முறை கூப்பிட வேண்டியதில்லை.

லீவு மனு சொல்லும் கதை

இதெல்லாம் வாத்தியார்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது. ஒரு குமாஸ்தாவின் தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை' என்று மனத்தில் தமிழில் நினைத்து, 'தேர் இஸ் நோபடி அட் ஹோம் டு லுக் ஆஃப்டர்' என்று லீவு மனுவில் எழுதிவிடுகிறார். அந்த ஆங்கிலம் என்ன சொல்கிறது? வீட்டில் பராமரிக்கப்பட வேண்டியவர் ஒருவருமே இல்லை என்கிறது. லீவுக்குச் சொன்ன காரணத்தை மனுவே மறுத்துவிடுகிறது!

தமிழில் 'ஆள்' என்பது பார்த்துக்கொள்பவரைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் 'லுக் ஆஃப்டர்' என்பதற்குப் பின்னால் இடம் காலியாக விடப்பட்டால், முன்னால் நிற்கும் 'நோபடி'யே பராமரிக்கப்படுபவராகிவிடுகிறார். 'டு லுக் ஆஃப்டர் மை மதர்' என்று அந்தக் காலி இடத்தைத் தாயாரைக் கொண்டு நிரப்பினால் விஷயம் நேராகிவிடும். பக்கத்து அறையில் இருக்கும் மேலதிகாரி அனுதாபத்தோடு சரியாகவே புரிந்துகொள்ளலாம். ஆனால் ஃபைல் வேறு கட்டிடத்துக்குப் போனபின், அங்கே பேசப் போவது காகிதம் மட்டுமே.

டிரைடன் போட்ட முடிச்சு

வாக்கியத்தின் கடைசியில் இப்படிச் சின்னச் சொல்லை நிறுத்துவது அழகல்ல என்று பள்ளியில் கற்றவர்களும் உண்டு. அந்த எண்ணத்துக்கு வயது அதிகம். கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்திய நாடகாசிரியரான பென் ஜான்ஸனிடம் இதை ஒரு குறையாக 1672இல் எடுத்துக்காட்டினார். பின்னர்த் தம் பழைய எழுத்திலும் அதே குறையைத் தேடித் திருத்தினார். ஆனால் 1926இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபௌலர், இது வெறும் மூடநம்பிக்கை என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

மிகவும் சம்பிரதாயமாக எழுத விரும்புகிறவர் 'எ பென் வித் விச் டு ரைட்' என்று எழுதலாம், பிழையில்லை. ஆனால் 'கேரி அவுட்', 'ஃபில் இன்' போன்றவற்றை அப்படிப் பிரித்து முன்னால் கொண்டுபோக முடியாது. உடம்பில் பாதியை வெட்டி வேறிடத்தில் வைக்க இயலாதல்லவா?

பரீட்சையும் பலகையும்

1977 முதல் ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் என்ற பெயரில் இயங்கும் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்குத் தயார் செய்பவர்கள், ஆங்கிலத்தில் பிழை காணும் கேள்விகளைக் கட்டாயம் பழகுவார்கள். வீடு, பேனா, நாற்காலி ஆகிய மூன்றும் பயிற்சிப் புத்தகங்களின் பழைய நண்பர்கள். தொடரில் ஒன்றும் கெட்டுப்போனதாகத் தெரியாது. கண் ஓடிவிடும், மதிப்பெண்ணும் ஓடிவிடும்.

1923இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியில்தான் இருக்கிறது. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றையும் ஒரே நாளில் புழங்கும் பிள்ளைகளுக்கு, 'எழுத ஒரு பேனா' என்பதை இம்மூன்று மொழிகளில் சொல்லிக் காட்டினாலே வித்தியாசம் விளங்கிவிடும்.

பெரியவர்களுக்கு அந்தப் பலகை போதும். விண்ணப்பத்தையோ கடிதத்தையோ எழுதி முடித்ததும், பெயருக்குப் பின்னால் 'டு' வரும் இடங்களை மட்டும் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அரை நிமிஷ வேலை. வீட்டை வாடகைக்கு விடுபவர் இரண்டே சொற்களோடு நிறுத்திக்கொள்ளலாம். குடிபுகுபவர்தான் 'இன்' சேர்க்க மறக்கக்கூடாது.