ஐப்பசி மழைக்கு முன்னே வீட்டு மரங்களைக் கவனியுங்கள்



வயலுக்கு என்றால் பட்டம் பார்த்து உழுகிறோம், உரம் வைக்கிறோம். ஆனால் வீட்டைச் சுற்றி நிற்கிற நாலு தென்னை, ஒரு மா, ஒரு முருங்கை, வாசல் வேம்பு இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "அதுபாட்டுக்கு நிக்குது, காய்க்குது" என்று விட்டுவிடுகிறோம். காற்று அடிக்கும்போதுதான் நினைப்பு வருகிறது.

2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர்ப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அழிந்தன. அவ்வளவு பெரிய புயலுக்கு முழுக் காப்பு ஏதும் இல்லை. ஆனால் சாதாரண ஐப்பசி, கார்த்திகைக் காற்றுக்கே ஒடிந்து கூரைமேல் விழுகிற கிளையை நம்மால் தடுக்க முடியும். அதற்கு ஏற்ற காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். அடைமழை பிடிக்கும் முன்னே வெட்டினால் வெட்டுவாய் காய்ந்துவிடும், பூசணம் பிடிக்காது.

முதலில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்து பாருங்கள். பட்ட கிளை எது, வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளை எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடிமரத்தைக் கட்டையால் தட்டிப் பாருங்கள். பொந்து விழுந்த மரம் உள்ளே காலியாகச் சத்தம் கொடுக்கும். தென்னையின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்தால் அது அடித்தண்டழுகல் நோயாக இருக்கலாம். உடனே வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.

அடுத்து, கிளை வெட்டும் முறை. அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டினால் கிளை தொங்கி, தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழம் ரம்பத்தால் அறுங்கள். அதற்கு இரண்டு விரற்கடை வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். பிறகு மிச்சக் கட்டையை எடுங்கள். கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதை வெட்டாமல், அதை ஒட்டி அறுக்க வேண்டும். அந்தப் புடைப்பிலிருந்துதான் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடும்.

பெரிய காயத்துக்குப் போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். மண்சட்டி அல்லது பிளாஸ்டிக் வாளிதான் ஆகும். இரும்பு, தகரம் கூடாது. பளபளப்பான கத்தியை அதில் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

தென்னையில் காய்ந்த மட்டையையும் பாளையையும் எடுங்கள். முற்றின காயை இறக்குங்கள். பச்சை மட்டையை வெட்டாதீர்கள், மகசூல் குறையும். காண்டாமிருக வண்டுக்கு வேப்பங்கொட்டைத்தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உச்சியில் உள்ள மூன்று இளமட்டைகளின் அடியில் வையுங்கள். இந்த வண்டு எருக்குழியில்தான் முட்டையிடுகிறது. குழியைக் கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள்.

மாமரத்தில் புல்லுருவி இருந்தால், அது ஒட்டின இடத்துக்குக் கீழே சேர்த்து வெட்டி எடுங்கள். முருங்கை பருத்தாலும் தூணாகாது என்பார்கள். அதன்மேல் யாரும் ஏற வேண்டாம். தரையில் நின்று தொரட்டியால் உயரத்தைக் குறையுங்கள். பப்பாளி அடியில் தண்ணீர் தேங்கக்கூடாது, வேர் அழுகிப்போகும். மண் அணைத்து வடிகால் விடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. மின்கம்பியைத் தொடுகிற கிளையில் நீங்களே கை வைக்காதீர்கள். "பச்சை மூங்கில்தானே, என்ன ஆகும்" என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே அவர்கள் ஆட்களை வைத்து வெட்டச் செய்யுங்கள்.

வெட்டின தழையைக் கொளுத்த வேண்டாம். ஆடு தின்றது போக மிச்சத்தை, தண்டிலிருந்து ஓரடி தள்ளி மரத்தைச் சுற்றி மூடாக்குப் போடுங்கள். நடைபாதை ஓரத்துப் புல்லை மட்டும் செதுக்கி வையுங்கள். மழைக்காலத்தில் பூச்சிபொட்டு, பாம்பு அண்டாது.

இரண்டு நாள் வேலைதான். கூரைக்கும் அதற்குக் கீழே படுக்கிற பிள்ளைகளுக்கும் அதுவே காவல்.