இடைத்தட்டுக் காயம்: வலி அடங்குவதும் வேலைக்குத் திரும்புவதும்

கீழ்முதுகின் இடைத்தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நெருக்கும் நிலையைப் பேச்சு வழக்கில் 'டிஸ்க் விலகிவிட்டது' என்றும் 'ஜவ்வு விலகல்' என்றும் சொல்வதுண்டு. அதற்கு ஆளானவரும் அவருடைய வீட்டாரும் பெரும்பாலும் அஞ்சுவது அறுவைச் சிகிச்சைக்கும் ஆயுள் முழுவதும் நீடிக்கும் முடக்கத்துக்குமே ஆகும். கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் காட்டும் நிலை வேறு. பெரும்பாலானவர்களுக்குக் கத்தி படாமலே சில வாரங்களில் வலி அடங்கிவிடுகிறது. அதன் பிறகு முதுகு பழைய சுமையை மீண்டும் தாங்கப் பழகுவதற்குத்தான் கூடுதல் காலமும் ஒழுங்கான பயிற்சியும் தேவைப்படுகின்றன. அந்தக் காலம் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதைக் கொல்கத்தாவில் தெளிவாகக் காணலாம். அங்கே ஈடன் கார்டன்ஸ் கிரிக்கெட் மைதானமும், தலையில் மூட்டை சுமப்போர் நிறைந்த படா பஜாரும் சில கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன.

தட்டின் அமைப்பும் காயமும்

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகளும், அவற்றுக்குக் கீழே இடுப்புக்கூட்டோடு இணைந்த திருவெலும்பும் உள்ளன. அடுத்தடுத்த இரு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு, பல அடுக்காகச் சுற்றிய நார் வளையத்தையும் அதற்குள் நீர்ச்சத்து மிகுந்த கூழான உட்கருவையும் கொண்டது. வளர்ந்த மனிதரின் தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லாததால், அதற்கு வேண்டிய ஊட்டம் அண்டை எலும்புகளின் பரப்பிலிருந்து மெல்லக் கசிந்தே வருகிறது. பகலில் உடல் எடையின்கீழ் நீரை இழந்து மெலியும் தட்டு, இரவில் படுத்திருக்கும்போது பஞ்சுபோல நீரை ஏற்று மீண்டும் உப்புகிறது. மாலையைவிடக் காலையில் மனிதர் ஒரு சென்டிமீட்டரோ சற்றுக் கூடுதலாகவோ உயர்ந்திருப்பது இதனால்தான். எழுந்தவுடன் குனிந்து குடத்தையோ சிலிண்டரையோ தூக்குவது தட்டுக்கு அதிக நெருக்கடி தருவதும் இதே காரணத்தால்தான்.

வயது, பரம்பரை, புகைப்பழக்கம், நீண்ட நேர வாகன அதிர்வு, குனிந்து திரும்பித் தூக்கும் வேலை ஆகியவை பல ஆண்டுகளில் நார் வளையத்தைப் பலவீனப்படுத்துகின்றன. அதில் விரிசல் விழுந்த பிறகு ஒரு தும்மலோ வாளியைத் தூக்கும் ஓர் அசைவோ போதும், உட்கரு பின்பக்கமாகப் பிதுங்கிவிடும். பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை உடலின் எடையை அதிகம் தாங்கும் கடைசி இரண்டு தட்டுகளிலேயே ஏற்படுகின்றன. வெளிவந்த கூழ் நரம்பு வேரை அழுத்துவதோடு, அதிலுள்ள வேதிப்பொருள்களால் அழற்சியையும் உண்டாக்குகிறது. இதனால்தான் முதுகில் ஏற்பட்ட காயத்தின் வலி பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால் வழியே பாதம் வரை மின்னல் வெட்டுவதுபோல் இறங்குகிறது. சயாட்டிகா எனப்படும் இந்தக் கால்வலிக்குப் பிதுங்கிய தட்டு காரணமாகலாம் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் 1934இல் நிறுவினர்.

மருத்துவர் பார்ப்பதும் ஸ்கேன் காட்டுவதும்

தேர்ந்த மருத்துவர் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் ஒரு காலை மெல்ல உயர்த்துகிறார். கால் பாதி உயரத்தை எட்டும் முன்பே தொடையிலிருந்து பாதத்துக்கு வலி பாய்ந்தால் நரம்பு வேர் நெருக்குண்டிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கச் சொல்கிறார், விரல் நுனியில் நிற்கச் சொல்கிறார். கட்டைவிரலை மேலே தூக்க இயலாவிட்டால் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட தட்டின்மீதும், நுனிக்காலில் எழ இயலாமல் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போயிருந்தால் அதற்கு அடுத்த கடைசித் தட்டின்மீதும் ஐயம் எழுகிறது. செலவின்றிச் சில நிமிடங்களில் முடியும் இச்சோதனை, எந்த நரம்பு வேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதைப் பெருமளவு உணர்த்திவிடுகிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இதன் பிறகு வர வேண்டியதே. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான அறிக்கையின்படி, அத்தகையவர்களில் 20 வயதினரில் 30 சதவீதத்தினரிடமும் 80 வயதினரில் 84 சதவீதத்தினரிடமும் தட்டுப் புடைப்பு காணப்பட்டது. எனவே ஸ்கேன் அறிக்கையில் புடைப்பு என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில் வலிக்கான காரணம் அகப்பட்டுவிட்டது என்று கொள்வதற்கில்லை. படமும் பரிசோதனையும் ஒரே நரம்பைச் சுட்டும்போதுதான் அந்தப் படத்துக்குப் பொருள் உண்டு.

சில அறிகுறிகள் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதவை. சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அது தன்னையறியாமல் கசிதல், மலத்தை அடக்க இயலாமை, பிறப்புறுப்பைச் சுற்றியும் உட்காரும் இடத்திலும் உணர்வு மரத்துப்போதல், இரு கால்களிலும் வலுவிழப்பு ஆகியவை, தண்டுவடத்துக்குக் கீழே இறங்கும் நரம்புக் கற்றை முழுவதும் நெரிபடுவதைக் காட்டும் அபாய அடையாளங்கள். அந்நிலையில் உடனடி அறுவைச் சிகிச்சையே வழி. பாதம் தொங்கிப்போவதும் நாளுக்கு நாள் கால் வலுவிழப்பதும் விரைந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகளே. காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்பு வந்த புற்றுநோய் ஆகியவற்றோடு சேர்ந்த முதுகுவலிக்குத் தட்டைத் தவிர வேறு காரணங்களையும் தேட வேண்டும்.

படுக்கையும் நடையும்

முன்பெல்லாம் இத்தகைய நோயாளிகளுக்கு வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு விதிக்கப்பட்டது. நெதர்லாந்தில் சயாட்டிகா நோயாளிகள் 183 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையிலும் மற்றவர்களை இயன்ற அளவு நடமாட்டத்திலும் வைத்துப் பார்த்த ஆய்வு 1999இல் வெளியானது. 12 வாரங்களின் முடிவில் இரு பிரிவிலும் 87 சதவீதத்தினர் முன்னேறியிருந்தனர். படுக்கையால் கூடுதல் பலன் இல்லை என்பதோடு, நீண்ட படுக்கை தசைகளை மெலியவைத்து, எழுந்து நடப்பதன் மீதான அச்சத்தையும் வளர்க்கிறது. பிதுங்கிய கூழை உடலின் நோயெதிர்ப்பு உயிரணுக்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அகற்றுவதுண்டு. ஸ்கேனில் சிறு புடைப்பாகத் தெரிவதைவிட, வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பெரிய துண்டே அதிகமாகக் கரைகிறது என்பது வியப்புக்குரிய உண்மை.

ஆகவே முதல் சில நாள்களில் வலி தாங்க இயலாத நேரத்தில் மட்டும், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாக்கவோ, கால்களை மடக்கி ஒருக்களித்தோ படுத்துக்கொள்வதும், வெந்நீர் ஒத்தடமும், மருத்துவர் எழுதித்தரும் வலிநிவாரணியும் போதுமானவை. அதன்பின் வீட்டுக்குள்ளே ஐந்து நிமிடம், பிறகு தெருமுனை வரை, பிறகு அதற்கு அப்பால் என நடையைக் கூட்ட வேண்டும். பயிற்சியின்போது வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கும் அங்கிருந்து பிட்டத்துக்கும் ஏறி முதுகில் ஒடுங்கினால் அது பெரும்பாலும் நல்ல குறி. முதுகிலிருந்து பாதத்தை நோக்கி இறங்கினால் அந்த அசைவை நிறுத்தி, இயன்முறை மருத்துவரைக் கேட்க வேண்டும். இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பதும், சுளுக்கு எடுப்பவரிடம் முதுகை முறுக்கக் கொடுப்பதும் தவிர்க்க வேண்டியவை.

வீட்டு வேலையிலும் சிறு மாற்றங்கள் உதவும். வங்காள அடுக்களையில் அரிவாள்மணையை ஒத்த 'போட்டி'யின் முன் தரையில் அமர்ந்து, மீனையும் காய்கறியையும் நறுக்கும் பழக்கம் இன்றும் உள்ளது. முதுகு வளைந்த நிலையில் அரை மணி நேரம் தொடரும் அந்த வேலையை, வலி அடங்கும் வரை மேசைமேல் பலகையும் கத்தியும் வைத்துச் செய்வது நல்லது. தரையில் அமர்வதே கேடு என்பதில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் வளைந்திருந்து, அதே வேகத்தில் எழுந்து பாரம் தூக்குவதுதான் தட்டைச் சோதிக்கிறது.

அறுவையும் அதற்குப் பிறகும்

ஆறு வாரங்களுக்கு மேலும் கால்வலி வாட்டினால் அறுவைச் சிகிச்சை பற்றி எண்ணலாம். சிறு துளை வழியே நுண்ணோக்கியின் உதவியால் நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் அகற்றுவதே இன்றைய வழக்கம். கடுமையான சயாட்டிகாவால் அவதிப்பட்ட 283 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், விரைந்து அறுவை செய்துகொண்டவர்களின் வலி வேகமாகத் தணிந்தது. காத்திருக்கச் சொல்லப்பட்ட பிரிவில் 39 சதவீதத்தினர் பின்னர் அறுவைக்குச் சென்றனர். ஓராண்டு முடிவிலோ இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் தேறியிருந்தனர். அறுவை நரம்பின் நெருக்கடியை நீக்குகிறதே அன்றி, தட்டைப் புதிதாக்குவதில்லை என்பதால், சிலருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுக்கம் ஏற்படவும் கூடும்.

கொல்கத்தா நைட் ரைடர்ஸ் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த ஸ்ரேயஸ் ஐயரின் வரலாறு, அறுவையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதற்குப் பொதுவெளியில் பதிவான சான்று. 2023 மார்ச்சில் அகமதாபாத் டெஸ்டில் கீழ்முதுகு வலியால் அவர் மட்டை பிடிக்கவில்லை. தட்டு நரம்பை அழுத்தியதால் வலி சுண்டுவிரல் வரை இறங்கியதாகப் பின்னர் அவரே விளக்கினார். ஏப்ரலில் பிரிட்டனில் அறுவை செய்துகொண்டு, பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற அவர் அந்த ஆண்டின் ஐ.பி.எல். தொடரை முழுமையாகத் தவறவிட்டார். கொல்கத்தா அணியை நிதிஷ் ராணா வழிநடத்தினார். செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் திரும்பிய சில நாள்களிலேயே முதுகுப் பிடிப்பால் ஆட்டங்களிலிருந்து விலக நேர்ந்தது. அதைத் தோல்வியாகக் கருதி எவரும் அவரை ஒதுக்கவில்லை. அக்டோபர், நவம்பரில் நடந்த உலகக் கோப்பையில் ஈடன் கார்டன்ஸில் எடுத்த 77 உட்பட 530 ஓட்டங்களைக் குவித்தார். 2024 மே 26இல் சென்னை சேப்பாக்கத்தில் கொல்கத்தா அணி கோப்பையை வென்றபோது அவரே தலைவர். ஆயினும் நான்கு, ஐந்து நாள்கள் நீளும் ஆட்டங்களில் முதுகு விறைப்பு மீண்டும் மீண்டும் தலைகாட்டியதால், 2025 செப்டம்பரில் அத்தகைய ஆட்டங்களிலிருந்து ஆறு மாத இடைவெளி எடுத்துக்கொண்டார். அவரது முதுகு 50 ஓவர் ஆட்டத்தின் சுமையைத் தாங்கத் தேறிவிட்டது, ஐந்து நாள் ஆட்டத்தின் சுமைக்குத் தேறவில்லை என்பதே இதன் பொருள். குணமடைதலை எப்போதும் குறிப்பிட்ட ஒரு சுமையோடு சேர்த்தே அளக்க முடியும்.

படா பஜாரின் நிலை

படா பஜாரிலும் அதையொட்டிய போஸ்தா சந்தையிலும், 'முட்டே' எனப்படும் சுமைதூக்கிகள் காம்ச்சா துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, லாரி நுழைய இயலாத சந்துகளில் மூட்டைகளைக் கொண்டுசெல்கின்றனர்; பலர் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். முதுகெலும்புக்கு நேராகத் தலையில் அமர்ந்த சுமையைவிட, அதைத் தரையிலிருந்து ஏற்றும்போதும் திரும்பி இறக்கும்போதும் குனிந்து முறுகும் அசைவே தட்டை அதிகம் காயப்படுத்தும். வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கக்கூடிய எடை 55 கிலோவுக்கு மேல் போகாதவாறு குறைக்க வேண்டுமெனச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. 50 கிலோ அரிசி மூட்டை அந்த வரம்புக்குள் அடங்கினாலும், ஒரு நாளில் எத்தனை முறை தூக்கப்படுகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை.

சிகிச்சைக்கு இந்நகரில் வழியில்லாமல் இல்லை. எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனையும் அதனோடு இணைந்த பாங்கூர் நரம்பியல் நிலையமும், 1978இல் நிறுவப்பட்டு போன்ஹூக்ளியில் இயங்கும், இயக்கக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் உள்ளன. மாநில அரசு 2016 இறுதியில் தொடங்கிய ஸ்வாஸ்த்ய சாத்தி திட்டம் ஒரு குடும்பத்தின் மருத்துவமனைச் செலவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்கிறது. அக்காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. சுமைக்கூலியை நம்பியவருக்குப் பெரிதும் வேண்டியவையோ ஆறு முதல் 12 வார இலகு வேலையும் அக்காலத்துக்கான வருமானமுமே. அவை இல்லாதபோது, வலிநிவாரணியை விழுங்கிவிட்டு அவர் மூன்றாம் நாளே மூட்டைக்கு அடியில் நிற்கிறார். வலி மீண்டும் வரும்போது தட்டைக் குறை கூறுகிறார்.

இந்த இடைவெளியைக் குறைக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மூட்டையைத் தரையில் போடாமல் இடுப்பு உயர மேடையில் இறக்கிவைப்பது, ஏற்றவும் இறக்கவும் எப்போதும் இருவர் கை கொடுப்பது, காயம்பட்டவருக்குச் சில வாரங்கள் தள்ளுவண்டியையோ மூட்டைக் கணக்கையோ ஒப்படைப்பது, பின்னர் பத்து, இருபது கிலோ எனத் தொடங்கி வாரந்தோறும் எடையைக் கூட்டுவது ஆகியவற்றைக் கடை முதலாளியும் சுமைதூக்கிகளின் குழுத் தலைவரான சர்தாரும் பேசி முடிவுசெய்தாலே நடைமுறைப்படுத்திவிடலாம். விளையாட்டு வீரர் ஒருவருக்குப் பயிற்சியாளர்கள் வகுத்துத் தரும் படிமுறையும் அடிப்படையில் இதுவே. அறுவையோ ஸ்கேனோ அளிக்க இயலாத பாதுகாப்பைச் சந்தையின் தொழிலாளிக்கு அளிக்கக்கூடியதும் இதுவே.