தானுந்துத் தொங்கலமைப்புப் புதுப்பித்தல்

தொங்கலமைப்புப் புதுப்பித்தல் என்பது, பழைய தானுந்து ஒன்றின் சக்கரங்களை அதன் உடலுடன் இணைக்கும் உறுப்புகளுள் தேய்ந்தவற்றை மாற்றி, வண்டியின் முந்தைய ஓட்டப் பண்பை மீட்கும் பணியாகும். தொங்கலமைப்பு பேச்சு வழக்கில் சஸ்பென்ஷன் எனப்படுகிறது. ஓட்டுநரின் சிறு அசைவுக்கும் உடனே இசையுமாறு வடிவமைக்கப்படும் ஸ்போர்ட்ஸ் வகைத் தானுந்துகளில் இத்தேய்வின் விளைவு மிகுதியாகத் தெரியும்.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் உருவாக்கிய எம்எக்ஸ்-5 தானுந்தின் முதல் தலைமுறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இரு இருக்கைகள் கொண்ட இவ்வண்டி 1989 பெப்ரவரியில் சிக்காகோ தானுந்துக் கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை உற்பத்தி செய்யப்பட்டது. இதன் நான்கு சக்கரங்களும் மேலொன்றும் கீழொன்றுமாக அமைந்த இரு கைகளால் தாங்கப்படுகின்றன. இவ்வமைப்பு இரட்டை விஷ்போன் எனப்படும்.

தேய்வடையும் உறுப்புகள்

* புஷ்: கைகள் உடலுடன் இணையும் இடங்களில் உள்ள இரப்பர் உருளை. இதன் உள்ளும் புறமும் உலோகக் குழல்கள் ஒட்டப்பட்டிருக்கும்.
* பந்துக்கிண்ண மூட்டு: சக்கரம் திரும்பவும் மேலும் கீழும் அசையவும் இடமளிப்பது. இதன் இரப்பர் உறை கிழிந்தால் நீரும் மணலும் புகுந்து விரைவில் தேயும்.
* அதிர்வுத் தணிப்பான்: சுருள்வில்லின் ஊசலாட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவது. ஷாக் அப்சார்பர் என்றும் அழைக்கப்படும்.
* சுருள்வில்: வண்டியின் எடையைத் தாங்குவது. நாளடைவில் சற்றுத் தாழக்கூடும்.

இவற்றுள் இரப்பர் உறுப்புகளுக்கு, ஓடிய தொலைவு மட்டும் அளவுகோல் அன்று. வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஆக்சிசன், ஓசோன் ஆகியவற்றாலும் இரப்பர் கெட்டித்து வெடிக்கிறது. எனவே நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியிலும் புஷ்கள் முதுமையடையும்.

அறிகுறிகள்

தணிப்பானில் எண்ணெய்க் கசிவு, மேட்டைக் கடந்த பின்னும் தொடரும் ஆட்டம், டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல், பள்ளங்களில் எழும் தட்டும் ஓசை ஆகியவை முதன்மை அறிகுறிகள். மாற்றம் மெல்ல நிகழ்வதால் நாள்தோறும் ஓட்டுபவர் இதனை உணராமல் போவதுண்டு. பின்சக்கரப் புஷ்கள் தளர்ந்திருந்தால், வளைவின் நடுவே வேகத்தைத் திடீரெனக் குறைக்கும்போது சக்கரத்தின் திசை சற்றே மாறி, வண்டியின் பின்பகுதி வழுக்கக்கூடும். தணிப்பான்களை மட்டும் மாற்றினால் இக்குறை தீராது.

செய்முறை

கைகளைக் கழற்றி, பழைய புஷ்களை அழுத்துபொறியால் வெளியேற்றிப் புதியவற்றைப் பொருத்துவர். எம்எக்ஸ்-5 வண்டியின் ஒவ்வொரு கீழ்க்கையிலும், சக்கரக் கோணங்களைச் சரிசெய்ய உதவும் மையம் விலகிய போல்ட்டுகள் இரண்டு, ஆக மொத்தம் எட்டு உள்ளன. இவை துருவேறிப் புஷ்ஷின் உட்குழலுடன் இறுகிவிடுவது வழக்கம். அவ்வாறாயின் அறுத்தெடுக்க நேரிடும்.

இரப்பர் புஷ்களைப் பொருத்துகையில் போல்ட்டுகளை முதலில் தளர்வாகவே விடவேண்டும். வண்டியின் எடை சக்கரங்களின் மீது அமர்ந்து, இயல்பான உயரத்தில் நிற்கும் நிலையிலேயே இறுதியாக முறுக்க வேண்டும். கை அசையும்போது புஷ் சுழல்வதில்லை. அதன் இரப்பரே முறுகி வளைந்து கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் இரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

பாலியூரித்தேன் புஷ்களும் கிடைக்கின்றன. இவை முறுகாமல் வழுக்கிச் சுழல்வதால் மசகிடுதல் தேவை. திசைமாறும் கோணத்தை இவை உறுதியாகக் காத்தாலும், சாலை அதிர்வை மிகுதியாகக் கடத்தும்.

பணி முடிந்தபின் சக்கரக் கோணங்களை மீண்டும் அளந்து சீரமைப்பது இன்றியமையாதது. இது வீல் அலைன்மென்ட் எனப்படும்.

பாதுகாப்பு

அழுத்தப்பட்ட சுருள்வில் பேராற்றலைச் சேமித்து வைத்துள்ளது. உரிய வில் அழுத்தி இன்றித் தணிப்பானின் மேல்முனையைக் கழற்றினால், வில் தெறித்து உயிருக்கே கேடு விளையலாம். தூக்குபொறியால் மட்டும் தாங்கப்பட்ட வண்டியின் அடியில் செல்லலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே பணி தொடங்கவேண்டும்.

உதிரிப்பாகங்கள்

பழைய வண்டிகளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதே பெரும் இடர். மாஸ்டா நிறுவனம் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டிகளை மீட்டமைக்கும் சேவையை ஜப்பானில் 2017இல் அறிவித்ததுடன், வழங்கல் நின்றுபோன சில உதிரிப்பாகங்களை மீண்டும் உற்பத்தி செய்யவும் முன்வந்தது.