திறப்பும் இறப்பும்

பூட்டைத் திறக்கும் கருவியை யாழ்ப்பாணத்தார் 'திறப்பு' என்பர். தமிழகத்தார் 'சாவி' என்பர். அது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். சாவு என்னும் தமிழ்ச் சொல்லோடு அதற்கு உறவு யாதும் இல்லை. ஓசை ஒப்புமை கண்டு பொருளுறவு கற்பித்தல் பிழை என்பதற்கு அச்சொல்லையே மாணவர்க்கு உதாரணமாகக் காட்டி வந்தவன் யான். சொல்லிலக்கணம் அவ்வாறே கூறினும், பூட்டுத் தொழில் செய்வாரது வாழ்க்கை வேறொன்று கூறும் என்பதைச் சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்திலேதான் அறிந்துகொண்டேன்.

நம் இலக்கியத்திலே கதவுகள் பல உள. திருமறைக்காட்டிலே நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த கோயிற்கதவு நாவுக்கரசர் பாடத் திறந்ததையும், சம்பந்தர் பாட மீண்டும் அடைத்ததையும் பெரியபுராணம் கூறும். கலிங்கத்துப்பரணியிலே 'கடைதிறப்பு' என்று ஒரு பகுதியே உண்டு. ஊடிக் கதவடைத்த மகளிரைக் கதவு திறக்குமாறு சயங்கொண்டார் ஆங்கே வேண்டுகின்றார். அக்கதவுகளுக்கு உள்ளே இருப்பது ஒன்றில் தெய்வம், அன்றேல் உயிருள்ள மாந்தர். உயிர் நீங்கிய வீட்டின் கதவைத் திறக்க அழைக்கப்படுகின்றவனைப் பற்றிய பாட்டு எதனையும் யான் வகுப்பிலே கற்பித்ததில்லை.

எனக்கு நன்னூல் கற்பித்த ஆசிரியர் எங்கள் ஊரிலே, என் வீட்டுக்கு நான்கு வளவு தள்ளித் தனியே வாழ்ந்தார். வயது 83. மனைவியார் முன்னரே காலமாகிவிட்டார். மக்கள் மூவரும் கடல் கடந்த தேசங்களில் இருந்தனர். கனடாவிலுள்ள மூத்த மகன் நாள்தோறும் இரவு எட்டு மணிக்குத் தந்தையாரோடு தொலைபேசியிற் பேசுவார். இரண்டு நாளாக மறுமொழி இல்லை என்று அவர் என்னை அழைத்தபோது விடிந்து ஆறு மணி இருக்கும். நல்ல மழை. போய்ப் பார்த்தேன். விறாந்தை விளக்கு எரிந்தபடியே இருந்தது. முற்றத்திலே இரண்டு நாட் பத்திரிகைகள் நனைந்து கிடந்தன. அழைத்தும் தட்டியும் பயனில்லை. கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவித்தேன்.

கதவை உடைத்துவிடலாம் என்றார் ஒருவர். ஆசிரியரது தந்தையார் காலத்துத் தேக்கங்கதவு அது. உள்ளே அவர் மயங்கிக் கிடக்கவுங்கூடும். கண் விழிக்கும்போது தம் கதவு பிளந்து கிடப்பதைக் காணலாகாதே என்று எனக்கு ஓர் எண்ணம். ஆகவே நகரத்திலே திறப்பு வெட்டும் நானாவை அழைப்பித்தோம். அறுபது கடந்த அவர் ஒரு தகரப் பெட்டியோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

வந்தவர் உடனே பூட்டிற் கை வைக்கவில்லை. கடைசியாக ஆசிரியரைக் கண்டவர் யார், அவருக்கு என்ன நோய், வீட்டிலே வேறு திறப்பு யாரிடம் உண்டு என்று வினவினார். வீட்டைச் சுற்றி நடந்து யன்னல்களைப் பார்த்தார். குசினிக் கதவு உள்ளே தடியிட்டுக் கிடந்தது. பின்னரே முன்கதவின் முன் முழந்தாளிட்டார். மகன் சில ஆண்டுகளுக்கு முன் பொருத்திய உருளைப் பூட்டு அது. அமெரிக்கரான லீனஸ் யேல் 1861இலும் 1865இலும் உரிமைப்பத்திரம் பெற்ற அமைப்பையே இவ்வகைப் பூட்டுகள் இன்றும் தழுவியுள்ளன. உருளைக்குள்ளே விற்சுருள் அழுத்தும் ஊசிகள் சில நிற்கும். ஒவ்வோர் ஊசியும் இரண்டு துண்டாயிருக்கும். உரிய திறப்பை இட்டால் மாத்திரமே துண்டுகள் பிரியும் இடங்கள் யாவும் ஒரே கோட்டில் வந்து நிற்க, உருளை சுழலும். திறப்பின்றி அதனைச் செய்பவர் ஒவ்வோர் ஊசியையும் விரலின் உணர்வாலேயே அறிந்து உயர்த்தல் வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

கால்மணி நேரத்திலே பூட்டுச் சுழன்றது. நானா கதவை மெல்லத் தள்ளினார். இரண்டு விரற்கடை திறந்து நின்றுவிட்டது. உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் என்று எண்ணிய பொலிஸ்காரர் தோள் கொடுத்துத் தள்ள வந்தார். நானா கையை நீட்டி மறித்தார்.

"தள்ளாதேங்கோ ஐயா. இது தாழ்ப்பாள் இல்லை."

அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கதவை முன்போலச் சாத்திவிட்டுக் குசினிப் பக்கம் போனார். கதவிடுக்கிலே மெல்லிய தகடு ஒன்றைச் செலுத்தி, நெடுநேரம் முயன்று, உள்ளே கிடந்த தடியை நெம்பி எடுத்தார். பொலிஸ்காரரோடு உள்ளே சென்றவர் சற்றுப் பொறுத்து வெளியே வந்து, அங்கு நின்ற அத்தனை பேரிலும் என்னையே நோக்கி, "மாஸ்ரர், ஒரு வெள்ளை வேட்டி எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் வாங்கோ" என்றார். ஆசிரியர் முன்கதவின் பின்னே, அதனோடு சாய்ந்தபடி கிடந்தார். ஒரு கை கதவை நோக்கி நீண்டிருந்தது. மாரடைப்பு என்று வைத்தியர் பின்னர் எழுதினார்.

அதன்பின் நிகழ்ந்தவை எல்லா வீட்டிலும் நிகழ்பவையே. திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். கடல் கடந்த ஊர்களுக்கெல்லாம் செய்தி சொன்னோம். இரவிலே படுக்கைக்குச் சென்றபோதுதான் நானாவின் நினைவு வந்தது. அவருக்குக் கூலி கொடுத்தவர் யாருமில்லை. அயல்வீட்டுப் பையனைக் கேட்டேன். தெருக்குழாயிலே கை கழுவிவிட்டு, மழைக்குள்ளே மதகில் வெகுநேரம் இருந்து, பின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். கிணறுள்ள வளவு அது. நிறைய ஆட்கள் நின்ற வளவு. அவருக்கு ஒரு வாளி தண்ணீர் அள்ளி வார்க்க எங்களில் ஒருவருக்குந் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், மூத்த மகன் வந்து கொள்ளி வைத்தபின், கூலியைக் கொடுக்க நகரத்துக்குப் போனேன். ஒரு குடை, ஒரு மேசை, அரங்கள், ஆணிகளில் வரிசையாகத் தொங்கும் வெட்டாத திறப்புகள்: அவ்வளவே அவர் கடை. காசை நீட்டினேன். "மௌத்தான வீடு திறந்ததுக்கு நான் கூலி வாங்கிறதில்லை" என்று கையை மடக்கிக்கொண்டார். இருக்கச் சொல்லித் தேநீர் வருவித்தார். கதவின் பின்னே கிடந்தவர் அவரென்று எவ்வாறு அறிந்தீர்கள் என்று கேட்டேன்.

"தாழ்ப்பாள் எண்டால் கல்லுப்போல நிக்கும், மாஸ்ரர். ஆள் அப்படி இல்லை. கொஞ்சம் இடம் தரும், பிறகு தராது. கைக்குத் தெரியும்" என்றார்.

இவ்வாறான கதவுகள் பலவற்றைத் திறந்ததாகச் சொன்னார். தூக்கிட்டுக்கொண்ட இளைஞனின் அறைக்கதவு அவற்றுள் ஒன்று. அதன்பின் ஒரு மாதம் எந்தக் கதவைத் திறக்கும்போதும் முதலில் மேலே பார்க்கும் பழக்கம் தம்மைவிட்டு நீங்கவில்லை என்றார். மகிழ்ச்சியான கதவுகளும் இல்லாமலில்லை. குளியலறையிலே அகப்பட்ட குழந்தையை வெளியே எடுத்துத் தாயின் கையிற் கொடுத்தால் அன்று முழுவதும் நல்ல நாளாம். ஆனால் அழைப்பு வரும்போது எது எந்தக் கதவு என்று தெரியாது. "பூட்டுக்கு எண்டுதான் கூப்பிடுவினம்" என்றார்.

இது ஓரூர்க் கதையன்று. ஜப்பானியர் தனித்திருந்து இறத்தலைக் 'கொடோக்குஷி' என்பர்; தனிமைச் சாவு என்பது பொருள். 1995 சனவரியிற் கோபே நகரை அழித்த பூகம்பத்தின்பின், தற்காலிகக் குடியிருப்புகளிலே முதியோர் யாரும் அறியாமல் இறந்துகிடந்தபோது அச்சொல் நாடெங்கும் பரவியது. 2024ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மாத்திரம், தம் வீட்டிலே தனியே இறந்து கிடந்தோராக அந்நாட்டுப் பொலிசார் கண்டவர் தொகை 37,227. அவர்களுள் ஏறக்குறைய நாலாயிரம் பேர் இறந்து ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பின்னரே காணப்பட்டனர். நம் நாட்டிலும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதை அடைந்தோர். பிள்ளைகள் கடல் கடந்த எங்கள் ஊர்களிலே பெரிய வீடும் நல்ல பூட்டும் தனித்த ஒரு முதியவரும் இருத்தல் வழமையாகிவிட்டது. எண்ணிக்கையிலே இறந்தவர் தெரிகின்றனர். கதவைத் திறந்தவர் தெரிவதில்லை.

எந்த வேலையையேனும் மறுத்ததுண்டா என்று நானாவைக் கேட்டேன். ஒன்று உண்டு என்றார். குடியிருப்பவரை வெளியேற்றுவதற்காக ஒரு வீட்டைத் திறந்து பூட்டு மாற்றச் சொன்னால் அவர் போவதில்லை. காரணத்தையும் சொன்னார். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளையால் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற நேர்ந்தது. அன்று நானாவும் மனைவி மக்களோடு புறப்பட்டார். பூட்டுத் தொழிலாளியாகிய அவர் தம் வீட்டைப் பூட்டவில்லை. "பூட்டினால் உடைப்பினம், கதவு பழுதாப் போகும்" என்று திறப்பைக் கதவிலேயே விட்டுச் சென்றாராம். புத்தளத்திலே இருபது ஆண்டு வாழ்ந்து, யுத்தம் முடிந்தபின் திரும்பியபோது கதவுமில்லை, நிலையுமில்லை. அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, சரியாக ஐந்து ஆண்டின் பின் 1995இல், நாங்கள் எங்கள் வீடுகளைப் பூட்டித் திறப்புகளை மடியிற் செருகிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். முன்னைய நாளில் நான் தெருவோரம் நின்று பார்த்திருந்தவன். நானா அதனைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போது ஸ்பெயின் தேசத்துச் செய்தி ஒன்றை அவருக்குச் சொன்னேன். 2008இல் அங்கே வீட்டு வணிகம் சரிந்தபின், வங்கிக் கடன் கட்ட இயலாத குடும்பங்கள் நீதிமன்ற ஆணையால் வெளியேற்றப்பட்டன. நீதிமன்ற அலுவலரோடும் பொலிசாரோடும் பூட்டுத் தொழிலாளியும் வாசலிலே நிற்பார். கதவைத் திறப்பதும் பூட்டை மாற்றுவதும் அவர் வேலை. கதவின் மறுபுறத்தே நோயாளியும் முதியோரும் குழந்தைகளும் இருப்பர். 2012 நவம்பர் 9ஆம் திகதி, பாஸ்க் நாட்டின் பரகால்தோ நகரில், வெளியேற்ற வந்தவர்கள் வீட்டை நெருங்கிய வேளையிலே 53 வயதுப் பெண்ணொருவர் மாடியிலிருந்து குதித்து இறந்தார். அவ்வாண்டின் இறுதியிலே பம்பலோனா நகரத்துப் பூட்டுத் தொழிலாளர் கூடி, குடியிருப்போரை வெளியேற்றும் வேலைக்கு இனி எவரும் போவதில்லை என்று தீர்மானித்தனர். அடுத்த பெப்ரவரியில் லா கொருஞ்ஞா நகரிலே, 85 வயது மூதாட்டி ஒருவரை வெளியேற்றுவதற்காகச் சங்கிலியை வெட்டுமாறு பணிக்கப்பட்ட தீயணைப்புப் படைவீரரும் மறுத்துவிட்டார்.

நானா முழுவதையும் கேட்டார். "அது அவங்களுக்கு வருமானந்தானே?" என்றார். ஆம் என்றேன். ஊரின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். திறப்பு வரிசைக்கு மேலே, பலகையிலே குத்தி வைத்தார்.

திரும்பி வரும் வழியிலே ஒன்றைச் சிந்தித்தேன். நம் ஊர்ச் செத்தவீட்டிலே, கட்டாடியார், பரியாரியார், பறை முழக்குவோர், பாடை கட்டுவோர் என்று சாவைத் தொட்டவர் அனைவருக்கும் ஒரு நிலையும் ஒரு கடமையும் இருந்தன. அவ்வொழுங்கிலே சாதிக் கொடுமை கலந்திருந்தது, அது மீளவேண்டாம். ஆயினும் சுடலை சென்று வந்தவன் முழுகாமல், ஒரு வாய் தண்ணீர் அருந்தாமல் வீடு புகுவதில்லை. சாவைக் கண்டவனைக் கண்டவாறே அனுப்பிவிடலாகாது என்னும் அறிவு அதிலே இருந்தது. எல்லாருக்கும் முதலிற் கண்ட பூட்டுத் தொழிலாளியை மட்டும் நாம் அவ்வாறே அனுப்பிவிடுகின்றோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின், முன்கதவுக்குப் புதுப் பூட்டுப் போட நானாவை அழைத்தோம். அன்று மகன் அவரைக் கதிரையில் இருத்தித் தம் கையாலேயே தேநீர் கொடுத்தார். பின், என்னிடம் ஒருநாளும் கேட்காத ஒன்றை அவரிடம் கேட்டார்: "நானா, அப்பா எவடத்திலை கிடந்தவர்?"

நானா எழுந்து சென்று இடத்தைக் காட்டினார். தலை இருந்த பக்கத்தையும் கை நீண்டிருந்த பக்கத்தையும் காட்டினார். "கதவைத் திறக்கத்தான் வந்திருக்கிறார், தம்பி. கிட்ட வந்திட்டார்" என்றார். மகன் அவ்விடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார். நானாவும் பக்கத்தில் இருந்தார். நான் விறாந்தைக்கு வந்துவிட்டேன்.

புதுப் பூட்டுக்குத் திறப்பு மூன்று. ஒன்று மகனோடு கனடாவுக்குப் போயிற்று. ஒன்று அவ்வீட்டிலே குடியிருக்க வந்த உறவினரிடம் உண்டு. மூன்றாவது என் வீட்டு ஆணியிலே தொங்குகின்றது. என் வீட்டுத் திறப்பு ஒன்றை அயல்வீட்டாரிடம் கொடுத்திருக்கின்றேன்.