84,312-ல தூங்கிப்போன மீட்டர்!

உங்க வீட்டுல பழைய கார் இருக்கா? இருந்தா இந்தப் புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டே போய் டேஷ்போர்டை ஒரு தடவை எட்டிப் பாருங்க. வண்டி ஓடும்போது ஸ்பீடோமீட்டர் முள் ஒழுங்கா ஏறி இறங்குதா? இல்ல, எங்க வீட்டு வண்டி மாதிரி ஜீரோவுல படுத்துத் தூங்குதா?

எங்களோடது 2000 டிசம்பர்ல பதிவான, மூணு சிலிண்டர் குட்டிக் கார். என்னைவிட அஞ்சு வயசு மூத்தது. வீட்டுல மூத்த பிள்ளைக்கு உண்டான மரியாதை அதுக்குத்தான்! 2022 தீபாவளி சமயத்துல அதோட முள் டகடகன்னு ஆட ஆரம்பிச்சது. நாற்பதுல போனா, இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவுல ஊஞ்சல். ஒரே மாசத்துல மொத்தமா படுத்துடுச்சு. கூடவே கிலோமீட்டர் எண்களும் 84,312-ல நின்னு போச்சு.

பக்கத்து ஒர்க்‌ஷாப்ல, "மீட்டர் போர்டையே மாத்தணும் சார், லேபரோட 4,500 ஆகும்"னாங்க. அப்பா சிரிச்சார். "முப்பது வருஷமா ஓட்டறேன், வேகம் எனக்குத் தெரியாதா?" அவ்வளவுதான், கேஸ் க்ளோஸ்!

க்ளோஸ் ஆகலைன்னு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

ஆயில் மாத்துறது, டைமிங் பெல்ட், ஏர் ஃபில்டர்... காருக்கு எல்லாமே கிலோமீட்டர் கணக்குதான். 'அடுத்த ஆயில் 88,000' என்று எங்க வண்டிக் கதவுல ஒரு ஸ்டிக்கர் இருக்கு. மீட்டரோ எப்பப் பார்த்தாலும் 84,312! 'இன்னும் டைம் இருக்கே' என்று அப்பா நிம்மதியா இருந்துட்டார். மூணு வருஷத்துல நாங்க ஆயில் மாத்தினது ஒரே ஒரு தடவை. 2025 ஆகஸ்ட்ல இன்ஜின் தலையிலேர்ந்து டிக் டிக்னு சத்தம். மெக்கானிக் மேல் மூடியைக் கழற்றினா உள்ளே தார் மாதிரி கறுப்புக் கசடு. கேம்ஷாஃப்ட், ராக்கர் ஆர்ம் எல்லாம் தேய்மானம். பில் 11,800 ரூபாய். 4,500-ஐ மிச்சம் பிடிச்ச அப்பாவோட முகத்தை அன்னிக்கு நீங்க பார்த்திருக்கணும்!

அதோட விட்டுச்சா? சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷத்துக்கு. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். அந்தக் கட்டணம் 600 ரூபாயா இருந்து, 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, இருபது வயசைத் தாண்டின கார்களுக்கு மட்டும் 10,000! எங்க வண்டிக்கு அந்த டிசம்பர்ல சரியா 25 வயசு. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 117-ஆவது விதி, டிரைவர் கண்ணுக்கு எப்பவும் வேகம் தெரியணும்னு சொல்லுது. பத்தாயிரத்தைக் கட்டிட்டு, முள் படுத்துக் கிடக்குதேன்னு திருப்பி அனுப்பினா?

'இன்ஜினீயரிங்தானே படிக்கிற, எதாவது பண்ணேன்' என்ற வழக்கமான வசனத்தோட அம்மா என்னைக் கிளப்பிவிட்டாங்க. எழும்பூர்ல இறங்கி புதுப்பேட்டைக்கு நடந்தேன். போனதில்லைன்னா ஒரு தடவை போய்ப் பாருங்க. கார் ஆஸ்பத்திரியும் மார்ச்சுவரியும் ஒரே தெருவுல! மீட்டர் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு பாய் கிடைச்சார். நான் "மீட்டர் போர்டு எவ்வளவு?"ன்னதும் முறைச்சார். "போர்டு கெட்டுச்சுன்னு யாரு தம்பி சொன்னது? முள்ளும் நம்பரும் ஒண்ணா நின்னுச்சா, தனித்தனியா நின்னுச்சா?"

அந்த ஒரு கேள்விக்குள்ள மொத்த பாடமும் இருக்கு.

பழைய வண்டிகள்ல கியர்பாக்ஸ்லேர்ந்து ஒரு கம்பி கேபிள் மீட்டருக்கு வரும். சக்கரம் சுத்தினா கேபிளும் சுத்தும். அதன் நுனியில மீட்டருக்குள்ள ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாம, அதை மூடின மாதிரி ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுத்தும்போது கிண்ணத்துல எடி கரன்ட் உண்டாகி, காந்தம் போற பக்கமே கிண்ணத்தையும் இழுக்கும். (ஆமாங்க, பிளஸ் டூ பிசிக்ஸ்ல மனப்பாடம் பண்ணிட்டு மறந்தோமே, அதேதான்!) ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கும். ரெண்டும் சமமாகிற இடத்துல முள் நிக்கும். ஜெர்மன்காரர் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல காப்புரிமை வாங்கின ஐடியா. பேட்டரி, சென்சார் எதுவும் கிடையாது. கிலோமீட்டர் எண்களைச் சுத்துறதும் அதே கேபிள்தான், ஆனா தனிப் பல்சக்கரங்கள் வழியா.

ஆக, முள்ளும் எண்ணும் சேர்ந்து செத்தா கேபிள் மேலயோ, கியர்பாக்ஸ்ல இருக்கிற பினியன் மேலயோதான் முதல் சந்தேகம். எண் ஓடி முள் மட்டும் படுத்தா கோளாறு மீட்டருக்குள்ள. முள் ஆடி எண் நின்னா, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைஞ்சிருக்கும். முள் டான்ஸ் ஆடினா, கேபிள் காய்ஞ்சிருக்கு, இல்ல எங்கயோ மடங்கியிருக்கு. அப்பவே கவனிச்சிருந்தா வெறும் கிரீஸோட முடிஞ்சிருக்கும்!

மீட்டருக்குப் பின்னாடி கேபிளைக் கழற்றிட்டு, வண்டியை நியூட்ரல்ல தள்ளிப் பார்க்கச் சொன்னார் பாய். மறுநாள் தங்கச்சி தள்ள, நான் குனிஞ்சு பார்க்க, கேபிள் நுனி அசையவே இல்ல. உருவினா பாதிதான் கையில வந்தது. ஜப்பான் வழி வந்த மீட்டர்கள்ல ஒரு கிலோமீட்டருக்கு கேபிள் 637 சுத்து சுத்துறதுதான் வழக்கமான கணக்கு. அந்தக் கணக்குல 84,312 கிலோமீட்டருக்கு அஞ்சு கோடிக்கு மேல! அறுந்ததுக்கு அதைத் திட்ட எனக்கு மனசு வரலை.

புது கேபிள் 380, தேய்ஞ்ச பினியன் 150. மொத்தம் 530 ரூபாய். மாட்டினது நானேதான், ஞாயித்துக்கிழமை ஒரு மத்தியானம் போச்சு. கிரீஸை கேபிளோட கீழ்ப்பக்கம் மட்டும் லேசா தடவணும்னு பாய் எச்சரிச்சிருந்தார். மேல்நுனியில அப்பினா மீட்டருக்குள்ள ஏறி, முள் தப்பா காட்டுமாம்.

மாட்டியாச்சுன்னு உடனே நம்பிடாதீங்க, டயரையும் பாருங்க. எங்க வண்டிக்கு வந்தது 145/70 ஆர் 12. 'சும்மா கெத்தா இருக்கும்'னு அப்பா போட்டிருக்கிறது 145/80. கணக்குப் போட்டேன். குறுக்களவு 50.8-லேர்ந்து 53.7 சென்டிமீட்டர் ஆகுது. ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி சுமார் 5.7 சதவீதம் கூடுதலா போகும், கேபிளுக்கு அது தெரியாது. பொதுவா மீட்டர்களைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுற மாதிரிதான் செய்வாங்க. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி, நிஜ வேகம் 60-னா மீட்டர் 60-லேர்ந்து 70 வரைக்கும் காட்டலாம், 59 காட்டக் கூடாது. பெரிய டயர் அந்தக் கூடுதலைத் தின்னுடும். மொபைல்ல ஜி.பி.எஸ். வேகம் காட்டுற ஆப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்க. ஓட்டுறவர் இல்ல, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர்!

நடுவுல ஒரு புரோக்கர் வந்தார். "84 ஆயிரம்தானே சார் ஓடியிருக்கு, நல்ல ரேட்டுக்குத் தள்ளிடலாம்." அப்பா பதில் சொல்லாம உள்ளே போய் டைரியை எடுத்து வந்தார். பெட்ரோல் போட்ட ஒவ்வொரு தடவையும் எழுதி வெச்சிருக்கார் மனுஷன்! மீட்டர் நின்ன நாள்லேர்ந்து 1,140 லிட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர்னு வெச்சா 18,240. அதை ஒரு பேப்பர்ல '+18,240'னு எழுதி மீட்டர் பக்கத்துல செலோ டேப் போட்டு ஒட்டிட்டார். "அதைக் கிழிச்சா பத்தாயிரம் கூட வரும் சார்"னார் புரோக்கர். இப்போதைக்கு வண்டி எங்களோடதான் இருக்கு. டிசம்பர்ல புதுப்பிக்கவும் செஞ்சாச்சு.

மீட்டர் சரியான அன்னிக்கு சாயங்காலமே குடும்பத்தோட ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு ரவுண்டு. மீட்டர் மேல பேப்பரை ஒட்டிட்டு, "அப்பா, உங்க அனுபவத்துல கரெக்டா 50-ல போங்க பார்ப்போம்"னேன். ரொம்ப நம்பிக்கையா ஓட்டினார். "இதோ, 50." என் கையிலிருந்த மொபைல் 64-னு காட்டுச்சு. பேப்பரை எடுத்தேன், முள்ளும் 65-ஐத் தொட்டுட்டு நின்னது.

பின் சீட்லேர்ந்து அம்மா குரல்: "மூணு வருஷமா நான் கைப்பிடியை விடாம பிடிச்சிட்டு வந்தது ஏன்னு இப்பவாவது புரியுதா?"