பச்சையாகப் பிறக்கும் குட்டி

நர்சரிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணை இழுப்பது மூன் கேக்டஸ்தான். முப்பட்டைப் பச்சைத் தண்டு, அதன் தலையில் சிவப்பிலோ மஞ்சளிலோ ஓர் உருண்டை. பூ என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. உண்மையில் அது இன்னொரு கள்ளி. ஜிம்னோகலிசியம் என்ற தென் அமெரிக்க இனத்தில், பச்சையம் இல்லாமல் பிறந்த பிள்ளை. பச்சையம் இல்லாவிட்டால் சமையலும் இல்லை. முளைத்த கொஞ்ச நாளில் பட்டுப்போயிருக்க வேண்டியது. 1941இல் ஜப்பானில் எய்ஜி வாத்தனாபே தன் நாற்றுகளுக்கு நடுவே சிவந்து நின்ற இப்படிப்பட்ட முளைகளைக் கவனித்து, வேறொரு பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைத்தார். இன்றைக்கும் அதே வழிதான். கீழே நின்று சோறு போடுவது பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் இனம். உருண்டையின் பக்கத்தில் முளைக்கும் குட்டியைக் கிள்ளி மண்ணில் வைத்தால் பிழைக்காது. அதற்கும் ஒரு தண்டு தேட வேண்டும்.

வண்ணச் செடிகளைப் பெருக்க நினைப்பவர்கள், அந்த வண்ணம் செடிக்கு எப்படி வந்தது என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

எச்சிவேரியாவின் கதை வேறு. மெக்சிகோ மலைப்பகுதிகளில் வளரும் இதற்குப் பச்சையத்தில் குறைவில்லை. வெயில் உறைத்து, தண்ணீர் குறைந்து, இரவில் குளிரும் சேர்ந்தால், இலைக்குள் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி சேர்கிறது. அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம் பச்சையத்தைக் கெடுத்துவிடாமல் மறைப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஆகவே விளிம்பில் ரோஜா நிறம் ஏறிய செடியை மலை ஊரில் வாங்கி வந்து, சமவெளி வீட்டின் வரவேற்பறையில் வைத்து, அன்றாடம் தண்ணீரும் ஊற்றினால் அது பச்சையாகிவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. பாதுகாப்பு தேவைப்படவில்லை, செடி கழற்றிப் போட்டுவிட்டது. வெளிச்சம் இன்னும் குறைந்தால் தண்டு நீண்டு, இலைகள் தள்ளித் தள்ளி நிற்கும், அழகும் போய்விடும்.

இந்த வகைகளை ஓர் இலையிலிருந்தே பெருக்கலாம். நம் ரணகள்ளி இலை விளிம்பில் குட்டி போடுகிறதே, அதன் சொந்தக்காரர்கள்தான் எச்சிவேரியாவும் கிராப்டோபெட்டலமும். ஆனால் இவற்றில் குட்டி முளைப்பது இலையின் அடியில், தண்டோடு ஒட்டியிருந்த இடத்தில். அதனால் இலையை இழுக்காமல், பக்கவாட்டில் மெல்ல அசைத்து முழுசாக எடுக்க வேண்டும். அடிப்பகுதி தண்டிலேயே தங்கிவிட்டால் அந்த இலையால் பயனில்லை. விரல் படும் இடத்தில் சாம்பல் பூத்தாற்போன்ற மெழுகு அழியும், அந்த இலையில் அது திரும்ப வராது. எடுத்த இலையை நிழலில் இரண்டு மூன்று நாள் காயம் ஆற விட்டு, மணல் கலந்த காய்ந்த மண்ணின் மேல் சும்மா கிடத்தினால் போதும். புதைக்க வேண்டாம். ஊற்றி ஊற்றி அழுக வைப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் கொலை. சில வாரங்களில் நூல்போல இளஞ்சிவப்பு வேர் எட்டிப் பார்க்கும், பக்கத்திலேயே கடுகளவில் ஒரு கொத்து. குட்டி பருக்கப் பருக்க, தாய் இலை நீரும் சர்க்கரையும் வற்றிக் காகிதமாகச் சுருங்கும். சில இலைகள் வேரை மட்டும் விட்டுவிட்டுக் குட்டி போடாமலே மாதக்கணக்கில் கிடக்கும். அவற்றோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

இலை வைத்தால் எல்லாம் வரும் என்ற நம்பிக்கையை உடைப்பது மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளாண்ட், நம் மருளின் உறவு. அதன் இலையைத் துண்டுபோட்டு நட்டால் வேர் வரும். தலைகீழாக நட்டால் வராது. எது அடி, எது நுனி என்பதைத் துண்டு மறப்பதில்லை. குட்டியும் வரும். மஞ்சள் கரைதான் வராது.

காரணம், அந்தச் செடி ஒரே உடம்பில் வாழும் இரண்டு பேர். பச்சையம் செய்யத் தெரிந்த செல்களும் தெரியாத செல்களும் அடுக்கடுக்காக அமைந்து, வளரும் நுனியில் அந்த அடுக்கு குலையாமல் தொடர்கிறது. இலைத்துண்டில் புதிதாக எழும் முளையோ உள்ளே இருக்கும் பச்சைச் செல்களிலிருந்து மட்டும் கிளம்புகிறது. கரை வேண்டுமானால் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கை முளையோடு வெட்டிப் பிரித்து நடுவது ஒன்றுதான் வழி. அந்த முளையில் அடுக்கு அப்படியே இருக்கும். இலையிலிருந்து வந்த பச்சைக் குட்டியை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்: மேற்கு ஆப்பிரிக்காவில் தானாக வளரும் அசல் செடிக்கும் மஞ்சள் கரை கிடையாது.