தாடை மூட்டு முறிந்தால் ஆபரேஷன் அவசியமா?

ஸ்கூட்டரில் இருந்து விழுகிறார் ஒருவர். முகவாய்க்கட்டை தரையில் மோதுகிறது. டாக்டர் நாலு தையல் போட்டு அனுப்புகிறார். பத்து நாளில் புண் ஆறி விடுகிறது. ஆனால், வாயைத் திறக்க முடியவில்லை!

காரணம் என்ன? அடிபட்டது முகவாயில். முறிந்தது காது ஓரத்தில்!

கீழ்த்தாடை எலும்பு குதிரை லாடம் போன்றது. அதன் இரு முனைகளும் காதுகளுக்கு முன்னால் மண்டை ஓட்டுடன் மூட்டாகச் சேருகின்றன. முனைக்குக் கீழே எலும்பு கழுத்துப்போல மெலிந்து இருக்கும். முகவாயில் விழுந்த அடியின் வேகம் அங்கே போய் முறிக்கிறது. கீழ்த்தாடை முறிவுகளில் நூற்றுக்கு 25 முதல் 35 வரை இந்த இடத்தில்தான்.

அடையாளம் என்ன?

காதுக்கு முன்னால் வலி, வீக்கம். வாயைத் திறந்தால் முறிந்த பக்கமாகத் தாடை கோணும். பற்கள் பழையபடி பொருந்தாது. இரண்டு பக்கமும் முறிந்தால், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். இதில் ஏதாவது இருந்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும்.

இரண்டு வழிகள்

எலும்பு அதிகம் விலகவில்லை, பற்களும் பொருந்துகின்றன என்றால் கத்தி வேண்டாம். கஞ்சி போன்ற மென்மையான உணவே போதும். பற்கள் சற்றுப் பிசகினால் பல் வரிசையில் கம்பி கட்டி, ரப்பர் வளையம் மாட்டிச் சரியான இடத்துக்குக் கொண்டு வருவார்கள். அதன்பின் தினமும் கண்ணாடி முன் நின்று வாயை நேராகத் திறந்து மூடும் பயிற்சி. இதை விட்டால் மூட்டு இறுகி விடும்.

எலும்பு வெகுவாகச் சாய்ந்து, பற்களைப் பொருத்தவே முடியாவிட்டால் ஆபரேஷன். தோலைத் திறந்து, எலும்பை நேராக்கி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்து இணைப்பார்கள். இதிலும் ஆபத்து உண்டு. முகத்தை அசைக்கும் நரம்பு அந்த வழியாகச் செல்கிறது. அது பாதிக்கப்பட்டால் கண் மூடாது, உதடு கோணும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகி விடும். தழும்பும் விழலாம்.

எது சிறந்தது?

எலும்பு விலகிய 66 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. இரண்டு முறையிலும் ஏற்கத்தக்க பலன் கிடைத்தது. ஆனாலும் ஆபரேஷனே மேல் என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் வாய் சராசரி 47 மில்லி மீட்டர் திறந்தது. மற்றவர்களுக்கு 41.

ஆகவே, "எலும்பு முறிந்தால் ஆபரேஷன்தான்" என்று பயப்படவும் வேண்டாம். "தானாகச் சேர்ந்துவிடும்" என்று சும்மா இருக்கவும் வேண்டாம். எலும்பு எவ்வளவு விலகியது, பற்கள் பொருந்துகின்றனவா என்பதைப் பார்த்தே டாக்டர் முடிவு செய்வார்.

மும்பையில் மும்பை சென்டிரல் நாயர் பல் ஆஸ்பத்திரியிலும், செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் உள்ள அரசு பல் ஆஸ்பத்திரியிலும் தாடை அறுவைப் பிரிவுகள் உள்ளன. முகவாயில் தையல் போட்ட அன்றே கண்ணாடியில் வாயைத் திறந்து பாருங்கள். கோணினால் தாமதிக்காதீர்கள்!